உடையாதவரும் மூன்று கிலோ பொம்மையும்

முதலில் ஒரு விடுகதை. அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

கை இரண்டு உண்டு, தூக்காது. காது இரண்டு உண்டு, கூப்பிட்டால் கேட்காது. வாய் ஒன்று உண்டு, அதற்குத் தெரிந்ததெல்லாம் "எனக்கு வராது" என்ற இரண்டே சொற்கள். அது என்ன?

சிலை என்பீர்கள். இல்லை. சிலை வேளாவேளைக்குச் சாப்பாடு கேட்காது. பொம்மை என்பீர்கள். கொஞ்சம் நெருங்கிவிட்டீர்கள், இந்தக் கதையில் பொம்மையும் வருகிறது. ஆனால் விடை அதுவும் இல்லை. விடை: இன்னும் இரண்டு மாதத்தில் தகப்பனாகப்போகிற ஒரு கணவர்.

அவருக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலை. உடையும் பொருள்களைக் கட்டி அனுப்பும் பகுதிக்கு அவர்தான் தலைவர். பதினான்கு வருடங்களில் அவர் கட்டிய ஒரு பொருள்கூட உடைந்ததில்லை. ஒருமுறை அவர் கட்டிய கண்ணாடி மீன்தொட்டி லாரியிலிருந்து நடுரோட்டில் விழுந்தது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோட்டைத்தான் பழுதுபார்க்க வேண்டியிருந்தது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதனால் அவருக்கு 'உடையாதவர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா இருக்கா? இல்லே, இது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவள் தொழில். யாருக்கு எது தெரிகிறது, யார் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள் என்பது அவளுக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடும். உடையாதவர் இதை அடிக்கடி மறந்துவிடுவார். அவர் கஷ்டகாலம்.

ஏழாவது மாதப் பரிசோதனை முடிந்து வந்த அன்று அவள் ஒரு வெள்ளை அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"படிங்க. எழுத்து பெரிசாத்தான் போட்டிருக்கு."

அவர் படித்தார். மருத்துவமனையின் பிரசவப் பிரிவு, பெற்றோர் ஆகப்போகிறவர்களுக்கு நான்கு சனிக்கிழமை காலையில் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. பிரசவ அறையிலும், அதற்குப் பிறகு மூன்று நாளும் தாயோடு ஒரே ஒருவர்தான் இருக்கலாம். அந்த ஒருவர் பயிற்சியில் தேறி, அட்டையில் பச்சை முத்திரை வாங்கியிருக்க வேண்டும். முத்திரை இல்லாதவர்கள் வெளியே உள்ள பெஞ்சில் உட்காரலாம்.

கடைசி வரி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதை இரண்டு தடவை படித்தார்.

"பெஞ்சு நிழல்லதானே இருக்கும்?" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன். பொது அறிவு."

சும்மா கேட்கவில்லை. குழந்தை பிறந்தால் தகப்பனுக்கு ஒரு மாத விடுப்பு என்று அவர் அலுவலகத்தில் சட்டம் உண்டு. அந்த மாதத்தில்தான் மாதம் முழுக்க நடக்கும் அலுவலகச் செஸ் போட்டியும் வருகிறது. ஆறு வருடமாக அவர் இரண்டாவது பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். முதல் பரிசு எப்போதும் பார்சல்களை எடைபோடும் எடைமேடைக்காரருக்கு. வென்றுவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. எடைமேடைக்காரரோ ஒவ்வொரு வருடமும் இவர் முதுகைத் தட்டி, "நல்லா ஆடினீங்க, அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். ஆறு வருடமாகத் தட்டி முதுகில் அந்த இடமே தேய்ந்துவிட்டது.

முழுதாக ஒரு மாதம் செஸ்ஸே கதி என்று இருந்தால்? யோசிக்கவே இனித்தது. ஆனால் குழந்தையை யார் பார்ப்பது?

அதற்கும் ஆள் தயாராக இருந்தது. மனைவியின் அக்கா. ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து, கைப்பையிலிருந்து ஒரு நீளமான தாளை எடுத்து விரித்தார்.

"தம்பி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. மூணு பிள்ளை பெத்து வளர்த்தவ நான். முந்நூறு பிள்ளைங்களை மேய்க்கிறவ. பள்ளிக்கு லீவு போட்டுட்டு ஒரு மாசம் வந்து இருக்கேன். கால அட்டவணை போட்டாச்சு."

தாளில் எல்லாம் இருந்தது. ஆறு மணி, குளியல். ஆறு இருபது, பால். ஆறு ஐம்பது, வெயில் காட்டுதல். ஏழு மணி முதல் ஏழு பத்துவரை, அழுகை. எல்லாவற்றுக்கும் மணி அடிக்க ஒரு பித்தளை மணியும் கொண்டுவருவாராம்.

"இது என்னக்கா, நாலு மணியிலேருந்து நாலேகால் வரைக்கும்?" என்று மனைவி விரல் வைத்துக் கேட்டாள்.

"அதுவா? தாய் குழந்தையைத் தூக்கும் நேரம்."

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிஷமா?"

"அதிகமாத் தூக்கினா கெட்டுப்போயிடும்டி. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா போன பிறகு மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டீங்கல்ல?"

"பதினஞ்சு நிமிஷம் குறைச்சல்தான்" என்றார் உடையாதவர். "இருபதா ஆக்கச் சொல்லி மனு கொடுப்போம்."

"விளையாடாதீங்க. அக்காமேல எனக்குப் பிரியம்தான். ஆனா அவ வந்தா இந்த வீடு பள்ளிக்கூடம் ஆயிடும். என் பிள்ளையைத் தூக்க நான் கையைத் தூக்கி அனுமதி கேக்கணும். வேணாங்க. நீங்க அந்த முத்திரையை வாங்குங்க. நாம ரெண்டு பேருமே பாத்துக்கலாம்." பிறகு, "உள்ளே வலி எடுக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அதற்கு மறுப்பு சொல்ல எந்த மனிதனுக்கும் வாய் வராது. உடையாதவருக்கும் வரவில்லை. "கட்டாயம்" என்றார். வகுப்புக்குப் போவதில்லை என்று அவர் முடிவு செய்யவில்லை. போவார். நான்கு வாரமும் போவார். பாடுபட்டுத் தோற்பார். பாடுபட்டுத் தோற்கிற மனிதனை யார் என்ன சொல்ல முடியும்?

செஸ் ஆட்டக்காரர் அல்லவா, நான்கு காய் நகர்த்தலை முன்னாலேயே யோசித்துவிட்டார். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

வகுப்பு மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் நடந்தது. எட்டு மேசைகள். மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு துண்டு, ஒரு பொம்மை. பொம்மைக்குள் மணல் அடைத்து மூன்று கிலோ எடை ஏற்றியிருந்தார்கள். கழுத்து மட்டும் உண்மையான பச்சைக் குழந்தையின் கழுத்தைப் போலத் துவண்டது. பாடம் நடத்தியவர் மூத்த செவிலியர். எல்லாரும் சிஸ்டர் என்றார்கள். குரலை உயர்த்தாமலேயே வராந்தா முழுவதையும் அடக்கிவிடக்கூடியவர்.

முதல் வகுப்பு, கை கழுவுவதும் குழந்தையைத் தூக்குவதும். பக்கத்து மேசையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். நல்ல மனிதர். பொம்மையை ஸ்டீரிங் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பும்போதெல்லாம் அதையும் திருப்பினார். உடையாதவர் தம் பொம்மையை ஒரு காலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

சிஸ்டர் வந்து நின்றார். "என்ன சார் இது?"

"குழந்தைங்க."

"தலை எங்கே?"

"அதைத்தாங்க நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

சிஸ்டர் அட்டையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டார். உடையாதவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு காய் நகர்ந்தது.

இரண்டாவது வகுப்பு, குளிப்பாட்டுவது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். உடையாதவர் கைக்கடிகாரத்தோடு தோள்வரைக்கும் கையை விட்டார்.

"இதை ஊறவைக்கணுமா, அலசினாப் போதுமா சிஸ்டர்?"

"சார், இது வேட்டி இல்லே."

சோப்புப் போட்டார். பொம்மை வழுக்கியது. வழுக்கி, மேசையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து டிரைவரின் காலுக்கு, அங்கிருந்து கதவுக்கு வெளியே போய்ச் சேர்ந்தது. "உங்க குழந்தை வராந்தாவுக்குப் போயிடுச்சு" என்றார் சிஸ்டர், அமைதியாக. இரண்டாவது சிவப்பு வட்டம்.

மூன்றாவது வகுப்பு, இடுப்பில் கட்டும் அணையாடை மாற்றுவது. அவர் அதைப் பொம்மையின் தலையில் கட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "தலைக்குக் குளிருமேன்னுதான்" என்றார். டிரைவரே சிரித்துவிட்டார். மூன்றாவது வட்டம்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"நிஜமாவே வரலையாங்க?"

"எனக்கு வராதும்மா. கை அப்படி. சில பேருக்குப் பாட்டு வராது, சில பேருக்கு நீச்சல் வராது. எனக்குக் குழந்தை வராது."

அவள் அவர் கையைப் பார்த்தாள். மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதன் வாயைச் சுருக்கி, காதை மடித்து, ஒரு நூல் பிரியாமல் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது அந்தக் கை. அவருக்கே தெரியாமல்.

"எங்க கடைக்குச் சில பிள்ளைங்க வரும்" என்றாள். "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடறதுக்காக, எழுத்தே தெரியலைன்னு சொல்லும். நாங்க என்ன செய்வோம் தெரியுமா?"

"அடிப்பீங்களா?"

"சேச்சே. வெறும் கண்ணாடியை மாட்டிவிட்டு, பலகையிலே இருக்கிறதை நானே தப்புத்தப்பாப் படிப்பேன். ரெண்டு வரி பொறுத்துக்கும். மூணாவது வரியிலே, 'அக்கா, அது அப்படி இல்லே'ன்னு கத்திட்டுக் கடைசி வரி வரைக்கும் படிச்சிடும்."

உடையாதவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாவம், சின்னப் பசங்க. சாமர்த்தியம் போதாது."

அந்த வாரம் பரிசோதனைக்கு மனைவி தனியாகவே மருத்துவமனைக்குப் போய்வந்தாள். வழக்கத்தைவிட அரைமணி நேரம் அதிகமாயிற்று. அவர் கவனிக்கவில்லை. செஸ் புத்தகத்தில் நாற்பத்தோராவது பக்கத்தில் இருந்தார்.

நான்காவது சனிக்கிழமை. குழந்தையைத் துணியில் சுற்றுவது. வாசலிலேயே சிஸ்டர் அவரை நிறுத்தினார்.

"சார், நீங்க இன்னைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். மூணு வட்டம் வாங்கியாச்சு. உங்களைக் கஷ்டப்படுத்த எனக்கே மனசு வரலை. இப்படி நடுவிலே நாற்காலி போட்டு உட்காருங்க. உங்களுக்குப் பதிலா அம்மாவே செய்யட்டும். நீங்க சும்மா பாத்தாப் போதும்."

இப்படி ஒரு வெற்றியை அவர் எதிர்பார்க்கவேயில்லை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் டிரைவர் சுற்றினார். துணியைப் பொம்மையைச் சுற்றி மூன்று தடவை ஓட்டி, மிஞ்சியதைக் கழுத்துக்குக் கீழே திணித்தார். ஒரு கை வெளியே தொங்கியது. உடையாதவரின் வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

அடுத்து மனைவி. துணியை மேசைமேல் கோணலாக விரித்தாள். பொம்மையை ஓரத்தில் வைத்தாள். ஒரு மூலையைக் கொண்டுவந்து முகத்தின் மேல் போட்டாள். இன்னொரு மூலையை எங்கே விடுவது என்று தெரியாமல் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினாள். அழுக்குத் துணி மூட்டைகூட அதைவிட ஒழுங்காக இருக்கும். அப்படியே தூக்கியதும் பொம்மை கீழ்வழியாக நழுவத் தொடங்கியது.

உடையாதவருக்குப் பல் கூசியது. நெற்றியில் வியர்த்தது. செஸ் போட்டியை நினைத்தார். எடைமேடைக்காரர் முதுகைத் தட்டுவதை நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் அந்த மூலை தெரிந்தது.

"ஆஹா!" என்றார் சிஸ்டர். "இதுதான் சரியான முறை. எல்லாரும் வந்து பாருங்க. இதைப் படம் எடுத்துச் சுவரிலே மாட்டப்போறேன். இனிமே இந்த மருத்துவமனையிலே பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இதே கட்டுதான்."

"இதுவா கட்டு!"

அறை திரும்பிப் பார்த்தது. உடையாதவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"எதுக்கு இவ்வளவு துணி அடியிலே? மேல்மூலையை முதல்லே மடிக்கணும். தோள் மடிப்புக்கு நேரா வரணும். இதோ, இந்தப் பக்கம் கொண்டுவந்து உடம்புக்கு அடியிலே செருகு. கீழ்மூலையை மேலே ஏத்து. இப்போ அந்தப் பக்கம். முடிஞ்சுது! நகருமா பாரு. நகராது!"

"கால் பக்கம் இறுக்கக் கூடாது சார். இடுப்பும் காலும் மடங்கி அசையணும்" என்றார் சிஸ்டர் மெதுவாக.

"தெரியாதா எனக்கு? கண்ணாடிச் சாமானுக்கே அடியிலே இடம் விட்டுத்தான் கட்டுவோம். இதோ விட்டாச்சு. மார்புப் பக்கம் ரெண்டு விரல் நுழையும். முகம் மேலே, முதுகு கீழே. எந்தப் பக்கம் மேலேன்னு குழப்பமே வரக் கூடாது." பழக்க தோஷத்தில் சுற்றிய பொம்மையை எடுத்துக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கப் போனார்.

"குலுக்கக் கூடாது!" என்று எட்டு மேசையும் சேர்ந்து கத்தியது.

"ஆமாம், ஆமாம்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பொம்மையை மல்லாக்கப் படுக்கவைத்தார். அடுத்த மேசைக்குப் போனார். டிரைவரின் பொம்மையைப் பிரித்துக் கட்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறு நிமிடத்தில் எட்டுப் பொம்மைகளும் வரிசையாக, அனுப்பத் தயாராக இருந்தன.

"இவ்வளவு செஞ்சிட்டீங்க" என்றார் சிஸ்டர். "அப்படியே அணையாடையும் மாத்திக் காட்டிடுங்களேன். இவங்க யாருக்கும் சரியா வரலை."

மாற்றிக் காட்டினார். "தண்ணியிலே வழுக்காம எப்படிப் பிடிக்கிறது சார்?" என்று டிரைவர் கேட்டார். அக்குளுக்கு அடியில் கைவிட்டு, தலையை முன்கையில் தாங்கி, குளிப்பாட்டியும் காட்டினார். "கடைசியா ஒருதடவை, தூக்கிக் காட்டுங்க." தூக்கினார். கழுத்தைத் தாங்கிய கை ஒரு இழைகூட அசையவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அப்போதுதான் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினார். சிஸ்டர் அவருடைய அட்டையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மனைவி மை காய்வதற்காக அதை விசிறிக்கொண்டிருந்தாள்.

"இப்போ தெளிவா இருக்கா?" என்று கேட்டாள்.

குழந்தை ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வருவதாக முடிவு செய்தது. பிரசவ அறையின் வாசலில் 'அமைதி காக்கவும்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். எழுதியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். உடையாதவர் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். போகும் வழியில் அந்தப் பெஞ்சைப் பார்த்தார். நிழலில்தான் இருந்தது.

"மூச்சை இழுத்து விடும்மா" என்றார், வகுப்பில் சொன்னபடி.

"நீங்க முதல்லே விடுங்க. நீலமா ஆயிட்டீங்க."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் விடவில்லை. நடுரோட்டில் விழுந்தும் உடையாதபடி மீன்தொட்டியைக் கட்டிய அந்தக் கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு ஒரு வாரம் மடங்கவில்லை. பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவர்தான் மூன்று தடவை சொன்னார். பிறகு ஒரு புதுக் குரல் அறைக்குள் கேட்டது. சிஸ்டர் குழந்தையைத் துடைத்து, ஈரம் காயுமுன் தாயின் மார்மேல் படுக்கவைத்தார். பெண் குழந்தை. உடையாதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்து நெடி அதிகமாக இருக்கிறது என்று புகார் செய்தார்.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் மூன்றாவது நாள், வீட்டுக்குப் போகிற நாள், மனைவியின் அக்கா ஒரு பெரிய பெட்டி, கால அட்டவணை, பித்தளை மணி எல்லாவற்றோடும் வார்டுக்குள் நுழைந்தார். அவரைக் கண்டதும் உடையாதவருக்குத் திங்கட்கிழமை தொடங்குகிற செஸ் போட்டி நினைவுக்கு வந்துவிட்டது. முத்திரை மருத்துவமனைக்குத்தானே? வீட்டுக்கு இல்லையே. மூன்று நாள் கடமை முடிந்தது. ஒரு மாதம் பாக்கி இருக்கிறது.

"வாங்கக்கா, வாங்க!" அவர் பெட்டியை வாங்கி வைத்த வேகத்தில் கட்டில் நகர்ந்தது.

"அக்கா, நாங்களே பாத்துக்கறோம்னு சொன்னேனே" என்றாள் மனைவி.

"நீ சொல்லுவே. தம்பிக்கு என்ன தெரியும்?"

"அதானே, எனக்கு என்ன தெரியும்?" என்றார் தம்பி.

"எட்டுப் பொம்மை கட்டின ஆளு!"

"பொம்மை அழாதும்மா. இது அழுது."

உண்மைதான். குழந்தை அழுதுகொண்டிருந்தது. பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று. காலையிலிருந்து எடை பார்க்க ஒருவர், காது சோதிக்க ஒருவர், காய்ச்சல் பார்க்க ஒருவர் என்று மாறி மாறித் தூக்கியதில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதும் உடையாதவருக்கு ஓர் அருமையான யோசனை உதித்தது.

"நாம எதுக்கு வாதாடணும்? குழந்தையே முடிவு பண்ணட்டும். அக்காகிட்ட அஞ்சு நிமிஷம், என்கிட்ட அஞ்சு நிமிஷம். யார்கிட்ட அழுகையை நிறுத்துதோ, அவங்கதான் ஒரு மாசம் பாத்துக்கணும். அப்புறம் யாரும் பேசக் கூடாது."

மூன்று பிள்ளை வளர்த்தவர் எங்கே, தாம் எங்கே? ஆட்டம் தொடங்குமுன்பே முடிந்த கதை. மனைவி மறுப்பாள், கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தார்.

"சரி" என்றாள் மனைவி. உடனே.

அவர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அக்கா முதலில் வாங்கினார். தலைமையாசிரியை ஆயிற்றே, அரைகுறையாக எதையும் செய்யமாட்டார். தோளில் போட்டு ஆட்டினார். மடியில் போட்டு ஆட்டினார். நடந்தார். திரும்பினார். பாடினார். நாக்கால் சத்தம் போட்டார். கிலுகிலுப்பையை ஆட்டினார். கடைசியில் மணியையும் அடித்தார். குழந்தை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சுரம் ஏற்றி அழுதது. பக்கத்து வார்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இது அழுகை நேரம். அட்டவணைப்படி இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் அக்கா, மூச்சு வாங்க.

"அஞ்சு நிமிஷம் ஆச்சுக்கா" என்றாள் தங்கை.

இப்போது உடையாதவர் முறை. அவருடைய திட்டம் மிக எளிது. எதுவுமே செய்யப்போவதில்லை. ஆட்டமாட்டார். பாடமாட்டார். தட்டிக்கொடுக்கமாட்டார். தூண் மாதிரி உட்கார்ந்திருப்பார். அக்காவின் அத்தனை வித்தைக்கும் அடங்காத குழந்தை தூணுக்கா அடங்கும்? நாற்காலியில் சாய்ந்து, குழந்தையை வாங்கி மார்மேல் சாத்தி, ஒரு கையைத் தலைக்கு அடியிலும் ஒரு கையை முதுகிலும் வைத்துக்கொண்டு, வாயை மூடி, செஸ்ஸில் முதல் காயை எங்கே நகர்த்துவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது காயை நகர்த்தும்போது அறையில் ஏதோ குறைவதுபோல இருந்தது. என்னவென்று கவனித்தார். சத்தம்.

குனிந்து பார்த்தார். குழந்தை ஒரு விக்கல் விக்கியது. ஒரு கொட்டாவி விட்டது. அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

"நீ என்ன பண்ணினே?" என்று மனைவியை முறைத்தார், கிசுகிசுப்பாக.

"நான் கட்டில்லே இருக்கேன். நான் என்னங்க பண்ணுவேன்? காலையிலே சிஸ்டர் வந்து ஒரு விஷயம் சொன்னாங்க. நீங்க அப்போ குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க. இந்தக் குழந்தைக்கு ஆட்டினா, பாடினா, தட்டினா ஆகலையாம். மிரண்டு போய் இன்னும் அழுதாம். ஒண்ணுமே செய்யாம யாராவது நெஞ்சோட வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதுமாம், தூங்கிடுதாம்." தலையணையைச் சரி செய்துகொண்டாள். "ஒண்ணுமே செய்யாம உக்காந்திருக்கிறதிலே உங்களை மிஞ்ச இந்த ஊர்லே ஆள் இருக்கா?"

அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே தேர்வில் மதிப்பெண் போட முடியாது, மூன்று தேர்வு வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். உடையாதவர் அதை மனதார ஆதரித்தார். மனைவியும் சரி என்றாள்.

குழந்தையை அக்காவிடம் கொடுத்தார்கள். அழுதது. அவரிடம் கொடுத்தார்கள். நிறுத்தியது. மறுபடி அக்காவிடம் கொடுத்தார்கள். அழுதது. மறுபடி அவரிடம் கொடுத்தார்கள். நிறுத்தியது.

குழந்தை அப்பாவைத் தேர்ந்தெடுத்தது.